ஒரு படத்துக்காகத் தெருவையே பூட்டினால்: வாசகர் கேள்வி பதில்

இணையத்திலிருந்து புதுப்படத்தை இறக்கிப் பார்ப்பது குற்றமா என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "குற்றம்தான், ஐயமில்லை" என்று இரண்டே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்துக்குத் தண்டனையாக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வடசென்னை வாசகர்கள் கடிதம் எழுதித் தள்ளிவிட்டார்கள். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டிருப்பதால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டுப் பேட்டையை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். கேள்விகள் யாவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருவதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு காலத்தில் பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்றவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று என் பேரன் அதே படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, "பார்ப்பது குற்றமில்லை தாத்தா, பரப்புவதுதான் குற்றம்" என்கிறான். அவன் சொல்வது சரியா, நீங்கள் சொன்னது சரியா? (தண்டையார்பேட்டை)

உங்கள் பேரன் என்னைவிடக் கவனமாகப் பேசியிருக்கிறான். 2016ஆம் ஆண்டில் ஒரு படத்துக்காக முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால், "இதைப் பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றம், மூன்றாண்டுச் சிறை" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை திரையில் வந்து நாடு முழுவதும் பலரைக் கலங்கடித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அப்போதே குறுக்கிட்டு, வெறுமனே பார்ப்பது குற்றமாகாது, அனுமதியின்றி விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதுமே குற்றம் என்று விளக்கி, அந்த வாசகத்தைத் திருத்தச் சொன்னது. ஆகவே சென்ற இதழில் நான் எழுதிய இரண்டு சொல்லையும் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் பேரன் எதில் பார்க்கிறான் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டோரன்ட் முறையில் ஒரு படம் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வருகிறது. வந்து சேர்ந்த துண்டை உங்கள் கருவியே அந்தக் கணத்தில் வேறு யாருக்கோ அனுப்பத் தொடங்கிவிடுகிறது. பந்தியில் உட்கார்ந்தவர் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து இலைக்கும் பரிமாறுவதைப் போன்ற ஏற்பாடு அது. "நான் சாப்பிட மட்டும்தான் வந்தேன்" என்று பிறகு சொல்ல முடியாது. பரிமாறுபவருக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குக் காரணத்தை எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டென்றாலும், அந்த நிலை வருவதற்குள் ஒரு குடும்பம் எத்தனை வாய்தாவுக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதைத் தம்பு செட்டித் தெருவில் அறை வைத்து வழக்கு நடத்திய எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் பார்த்த அந்தப் போலீஸ் வேனுக்கு வேறொரு சட்டமும் துணை நின்றது. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004ஆம் ஆண்டு 'வீடியோ திருடர்' என்ற பிரிவினரையும் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் பிழைப்புக்காக உருவான ஒரு கடைத்தெருவில், நடைபாதையில் 30 ரூபாய்க்குத் தகடு விற்ற பையனையும் கள்ளச்சாராயம் காய்ச்சியவனையும் ஒரே சட்டத்தில் அடைத்தது எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. தகட்டை அச்சடித்த பெரிய கை ஒருநாளும் அந்த வேனில் ஏறியதில்லை.

2023ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் இன்னொரு படி மேலே போயிருக்கிறது. தியேட்டரில் கேமரா வைத்துப் படம் பிடிப்பவருக்கும் அதைப் பரப்புபவருக்கும் குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, அந்தப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை போகலாம். 100 கோடி ரூபாய்ப் படம் என்றால் 5 கோடி. பேரனிடம் இந்தக் கணக்கையும் சொல்லிவைப்பது நல்லது.

கல்லூரியில் எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர், 2012இல் சென்னையில் நீதிமன்றம் தளங்களையெல்லாம் மூடியபோது முகமூடி அணிந்த 'அனானிமஸ்' குழுவினர் பதிலடி கொடுத்ததால்தான் அவை திரும்பத் திறந்தன என்கிறார். இது உண்மையா? அவர்கள் செய்தது நியாயம்தானே ஐயா? (பழைய வண்ணாரப்பேட்டை)

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் இந்த இதழில் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இதில் பாதிச் சம்பவம் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பாரிமுனையில் இருக்கும் சிவப்புக் கட்டடத்தில் நடந்தது.

முதலில் உங்கள் மூத்தவர் சொல்லாமல் விட்ட தொடக்கத்தைச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டு செப்டம்பரில், படக் கம்பெனிகளுக்காகத் திருட்டுப் பிரதிகளைத் தேடி நீக்கும் வேலையைச் செய்துவந்த ஐபிளெக்ஸ் என்ற பெங்களூர் நிறுவனத்தின் தலைவர், நீக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்பியும் கேட்காத தளங்களின்மீது போலிக் கோரிக்கைகளைக் குவித்து அவற்றைச் செயலிழக்கச் செய்வதாகப் பத்திரிகையாளரிடம் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். அதாவது சட்டத்தைக் காக்க வந்தவர்களே சட்டம் தடைசெய்த ஆயுதத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலடியாக அனானிமஸ் என்ற பெயரில் இணையத்தில் கூடியவர்கள் அதே ஆயுதத்தால் ஐபிளெக்ஸின் தளத்தையும், அமெரிக்கத் திரைப்பட, இசைத்தட்டுச் சங்கங்களின் தளங்களையும் வீழ்த்தினார்கள். உலகம் முழுவதும் பேசப்பட்ட அந்தப் போராட்டத்தின் முதல் கல் நம் பக்கத்து ஊரை நோக்கித்தான் விழுந்தது.

அடுத்தது 2012 ஜனவரி. அமெரிக்க நாடாளுமன்றத்தில் 'சோபா' என்ற புதிய பதிப்புரிமை மசோதா பரிசீலனையில் இருந்த நேரம் அது. அதை எதிர்த்து ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுவதும் தன் பக்கங்களை மூடிக்கொண்டது. மறுநாள் ஜனவரி 19 அன்று அமெரிக்க நீதித்துறை மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தைக் கைப்பற்றியது. அதன் நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில் கைதானார். அன்று மாலைக்குள்ளாகவே நீதித்துறை, எஃப்பிஐ, யுனிவர்சல் மியூசிக் முதலியவற்றின் தளங்களை அனானிமஸ் முடக்கியது. ஜனவரி 20 அன்று 'சோபா' மசோதா கிடப்பில் போடப்பட்டது. மசோதா வீழ்ந்த பெருமையை முகமூடிக்காரர்களுக்குக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். உறுப்பினர்களின் அலுவலகத் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்ததும், மசோதாவை ஆதரித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கியதும் விக்கிப்பீடியா தன் கடையைத் தானே அடைத்த 18ஆம் தேதியன்று. மிண்ட் தெரு வியாபாரிகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தன் ஷட்டரைத் தானே இறக்கி ஒருநாள் வருமானத்தை இழப்பவனின் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. அடுத்தவன் ஷட்டரை இழுத்து மூடுபவனைப் பார்த்தால் தெருவே உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2012 மார்ச் இறுதியில் '3' என்ற தமிழ்ப்படம் வெளிவந்தது. அதன் 'கொலவெறி' பாட்டு அதற்கு நான்கு மாதம் முன்பே யூடியூப்பில் கைமாறிக் கைமாறித்தான் உலகம் முழுவதும் புகழ்பெற்றிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். படத்தைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், யாரென்று தெரியாத எதிரிகள்மீது தடையுத்தரவு பெற்றது. பெயர் தெரியாத எதிர்வாதிக்கு ஆங்கிலேயர் 'ஜான் டோ' என்று பெயர் வைத்ததைப் போல நம் நீதிமன்றங்கள் 'அசோக் குமார்' என்று வைத்திருக்கின்றன. அந்தப் பெயருள்ள நண்பர்கள் எனக்கு மூன்று பேர் உண்டு, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்கும் ஏப்ரலில் இதேபோன்ற உத்தரவு கிடைத்தது. படத்தைக் காக்க நீதிமன்றம் போட்ட பூட்டை இணையச் சேவை நிறுவனங்கள் தெருமுனையில் மாட்டின. மே மாதத்தில் திருட்டுப் பிரதிகளுக்குப் பேர்போன பைரேட் பே தளம் மட்டுமன்றி, குறும்படக்காரர்கள் தங்கள் சொந்தப் படைப்பை வைத்திருந்த விமியோ, டெய்லிமோஷன் ஆகியவையும், வெறும் எழுத்தை ஒட்டிவைக்கும் பேஸ்ட்பின்னும் பலருக்குத் திறக்கவில்லை. நீதிமன்ற உத்தரவின்படி முடக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் திரையில் இருந்தது. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, யாரிடம் முறையிடுவது என்று ஒன்றும் இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது.

அந்தக் கோபத்தோடு முகமூடிக்காரர்கள் செய்த காரியத்தில் இரண்டு வகை உண்டு. மே மாத நடுவில் உச்ச நீதிமன்றத்தின் தளத்தையும் காங்கிரஸ் கட்சியின் தளத்தையும் செயலிழக்கச் செய்தார்கள். ஜூன் 9 அன்று பல நகரங்களில் முகமூடி அணிந்து, கையில் தட்டியோடு தெருவில் நின்றார்கள். இரண்டாவது காரியத்துக்கு நானே வந்து நின்றிருப்பேன், வயது இடம் கொடுத்திருந்தால். முதல் காரியத்தால் அடிபட்டவர் யார் என்று யோசியுங்கள். உச்ச நீதிமன்றத் தளத்தை அன்றாடம் திறப்பவர்கள் நீதிபதிகள் அல்ல. நாளை தன் கட்சிக்காரரின் வழக்கு எத்தனையாவது எண்ணில் வருகிறது என்று பட்டியல் பார்க்கும் குமாஸ்தாவும், ஜாமீன் உத்தரவு ஏறிவிட்டதா என்று நூறுமுறை தட்டிப் பார்க்கும் தாயும்தான். விமியோவை இழந்த குறும்படக்காரருக்கும் இந்தத் தாய்க்கும் என்ன வேறுபாடு? சண்டைக்குச் சம்பந்தமில்லாத இருவரின் கதவும் சாத்தப்பட்டது.

உங்கள் மூத்தவர் சொன்ன முடிவும் பிழை. தளங்கள் திரும்பத் திறந்ததற்குக் காரணம், இணையச் சேவை நிறுவனங்கள் கூட்டாக அதே உயர் நீதிமன்றத்தின் படியேறி விளக்கம் கேட்டதுதான். 2012 ஜூனில் நீதிமன்றம், தன் தடை திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே பொருந்தும், முழுத் தளத்துக்கும் பொருந்தாது என்று தெளிவுபடுத்தி, அந்த முகவரிகளைத் தெரிவிக்கும் பொறுப்பை மனுதாரர்மீதே வைத்தது; தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் சேவை நிறுவனங்கள் அவற்றை முடக்க வேண்டும் என்றது. தெருவோர ஆர்ப்பாட்டமும் பத்திரிகைச் செய்தியும் அந்த மனுவுக்கு ஓர் அவசரத்தைக் கொடுத்தன என்று வேண்டுமானால் சொல்லலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டைத் திறந்த சாவி ஒரு வக்காலத்து. அந்த மனுவைப் போடும் எண்ணம் முடக்கப்பட்ட நாளிலேயே சேவை நிறுவனங்களுக்கு வந்திருந்தால், முகமூடிக்கு வேலையே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் கதவைச் சாத்துவதில் அவர்களுக்கு இருந்த வேகம் திறப்பதில் இருக்கவில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஏதோ ஒரு குழுவில் வந்த இணைப்பைத் தொட்டதும் "தாக்குதலில் பங்கேற்றமைக்கு நன்றி" என்று வந்ததாம். பயத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. போலீஸ் வருமா? (வியாசர்பாடி, ஒரு தாய்)

அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. அறியாமல் ஒருமுறை தொட்டதற்காக யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. குற்றம் என்று சொல்ல மனமறிந்த நோக்கம் வேண்டும். ஆனால் அந்தத் தந்திரம் பழையது. மெகாஅப்லோட் மூடப்பட்ட அன்றே, திறந்தால் போதும், திறந்தவரின் கணினியே தாக்கத் தொடங்கிவிடும் வகையில் செய்யப்பட்ட பக்கங்களின் இணைப்பை, அது என்னவென்று சொல்லாமலே சுற்றுக்கு விட்டார்கள். போராட்டக் கருவி என்ற பெயரில் சுற்றிய ஒரு மென்பொருளில் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நச்சுநிரலை வேறு யாரோ ஒளித்துவைத்திருந்ததையும் அதே ஆண்டில் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள்.

மனமறிந்து செய்தவர்களின் கதை வேறு. அவர்கள் தாக்குதலுக்குப் பயன்படுத்திய லோயிக் என்ற கருவி, தாக்குபவரின் இணைய முகவரியை மறைக்கவே இல்லை. தபாலில் மிரட்டல் கடிதம் அனுப்பிவிட்டு உறையின் பின்னால் சொந்த விலாசத்தை எழுதியதற்கு அது சமம். இணையவழிப் பணப்பரிமாற்றம் செய்யும் பேபால் நிறுவனத்தைத் தாக்கியதற்காக 2011இல் அமெரிக்காவில் 14 பேர்மீது வழக்குப் பதிவானது; பிரிட்டனில் ஒரு மாணவருக்கு 2013 ஜனவரியில் 18 மாதச் சிறை கிடைத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆவது பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குழுவை நடத்துபவர்கள் புனைபெயரில் பாதுகாப்பாக இருக்க, மாட்டிக்கொள்வது எப்போதும் பள்ளிக்கூடப் பையன்தான். மகனை அந்தக் குழுவிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள், கைப்பேசியை ஒருமுறை சுத்தமாகத் துடைத்து மீண்டும் அமைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி யாரோ செய்த தவறுக்காக ஒரு தளத்தை மூடினால், அதில் நம்முடைய சொந்தக் கோப்புகள் இருந்தால் என்ன ஆகும்? என் மகளின் திருமணப் படங்கள் முழுவதும் இணையத்தில்தான் இருக்கின்றன. (ராயபுரம்)

போய்விடலாம், அப்படிப் போயும் இருக்கிறது. மெகாஅப்லோடுக்கு நாளொன்றுக்கு 5 கோடிப் பேர் வந்துபோனதாகக் குற்றப்பத்திரிகையே சொன்னது. அவர்கள் எல்லோருமே திருட்டுப்படம் தேடி வந்தவர்கள் அல்லர். ஓஹையோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பெற்றோருக்குக் கொடுத்துவந்த ஒருவர், தன் சொந்தக் காணொளிகளைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றார். நெதர்லாந்தில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த 630 சர்வர்களை, வாடகையும் வராமல் உரிமை கோருபவரும் இல்லாமல் ஓராண்டு வைத்திருந்த நிறுவனம் 2013இல் துடைத்துவிட்டது. திருடனைப் பிடிக்க அடகுக்கடைக்கு முத்திரை வைத்தால், நியாயமாக நகை வைத்தவரின் சீட்டுக்கு என்ன வழி என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். அங்கே யாரும் யோசிக்கவில்லை. திருமணப் படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை மகளின் மாமியார் வீட்டில் வைத்துவிடுங்கள். சம்பந்தி உறவுக்கும் நல்லது.

நான் கானா பாடுகிறவன். பதிப்புரிமை என்பது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா? என் பாட்டை வேறொருவர் தன் சேனலில் ஏற்றிப் பணம் பார்க்கிறார். அதே நேரத்தில் நான் ஏற்றிய என்னுடைய பாட்டையே ஒரு நிறுவனம் தன்னுடையது என்று சொல்லி நீக்கவைத்துவிட்டது. (காசிமேடு)

இந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால், பதிப்புரிமை பற்றிப் பேசும் எல்லோரையும் போல நானும் தயாரிப்பாளரையும் திருடனையும் மட்டும் பேசி முடித்திருப்பேன். உங்கள் பாட்டு எழுதப்பட்ட நொடியிலேயே, ஒலிப்பதிவான நொடியிலேயே, அது உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான எண்ணம். ஆனாலும் பாட்டின் சொல்லையும் இசையையும் தலா 500 ரூபாய்க் கட்டணத்தில் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தால், தேதிக்கு ஓர் அரசாங்கச் சான்று கையில் இருக்கும்.

உங்கள் பாட்டை ஏற்றியவருக்கு எதிராகத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, அத்தகைய புகார் கிடைத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை அணுக முடியாதபடி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் காட்டாவிட்டால் அது மீண்டும் வந்துவிடலாம். ஒரு பெரிய நிறுவனத்துக்கு 21 நாள் என்பது ஒரு தொலைபேசி அழைப்பு; காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலத்தில் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. சட்டம் இருவருக்கும் ஒரே கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

உங்கள் பாட்டைத் தங்களுடையது என்று சொன்ன நிறுவனத்தின் விஷயத்தில், தளத்தின் எதிர்ப்பு மனுப் படிவத்தை நிரப்பி, முதல் ஒலிப்பதிவின் கோப்பையும் தேதியையும் இணைத்து அனுப்புங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர்மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்க 60ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. இந்தப் பிரிவை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினால், தானியங்கி மென்பொருளை அவிழ்த்துவிட்டு யார் பாட்டு என்றே பார்க்காமல் நீக்கல் அறிவிப்பு அனுப்பும் வழக்கம் சற்றுக் குறையும்.

தமிழ்ராக்கர்ஸ் போன்ற தளங்களை ஒரேயடியாக ஒழிக்க வழியே இல்லையா? (எண்ணூர்)

2018 நவம்பரில் ஒரு பெரிய படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை முடக்கச் சொன்னது. படம் வெளியான நாளிலேயே திருட்டுப் பிரதி வந்துவிட்டது. சுவீடனில் 2006 மே 31 அன்று போலீஸ் பைரேட் பேயின் சர்வர்களை அள்ளிக்கொண்டு போன மூன்றாம் நாள் அது திரும்ப வந்துவிட்டது. 2019 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் புதிய ஒரு முறையை ஏற்படுத்தியது. நடத்துபவர் தன் அடையாளத்தை மறைக்கிறாரா, நீக்கச் சொல்லும் அறிவிப்புகளை அலட்சியம் செய்கிறாரா, முடக்கத்தைத் தாண்டும் வழியைத் தானே கற்றுத்தருகிறாரா என்று பார்த்து, திருட்டே தொழிலான தளம் என்று உறுதியானால் முழுத் தளத்தையும் முடக்கலாம். பெயர் மாற்றி வரும் நகல்களைப் புது வழக்கின்றிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். 2012இல் இங்கே நடந்த கூத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல முன்னேற்றம். முடக்குவதற்கு முன் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து மத்திய அரசின் அதிகாரிகளிடமே புகார் கொடுத்து 48 மணி நேரத்தில் முடக்க வைக்கலாம் என்ற ஏற்பாட்டில் அந்தக் கண் இருக்குமா என்பதுதான் எனக்குள்ள கவலை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் வாட்ஸப், டெலிகிராம் குழுக்களில் தமிழ் நூல்கள் பிடிஎஃப் ஆக வருகின்றன. அறிவைப் பகிர்வது திருட்டா? (கொருக்குப்பேட்டை)

எந்த நூல் என்பதைப் பொறுத்தது. ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் அவர் நூல் எல்லோருக்கும் சொந்தம். அதற்கு முன்பே எழுத்தை மக்களுக்குக் கொடுக்கும் வழியைத் தமிழ்நாடு கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றதில் தொடங்கிய நாட்டுடைமை மரபில், குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆக்குகிறோம். கோப்புப் பகிர்வு பற்றி உலகம் அடித்துக்கொண்டிருக்கும்போது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தக்க ஏற்பாடு இது. 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த மதுரைத் திட்ட நூல்களை மாணவர்களுக்கு அள்ளிக் கொடுங்கள். பாடத்துக்கான பக்கங்களைப் படியெடுத்துத் தருவதற்கும் இடம் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் படியெடுப்புக் கடைமீது பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கை 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது அதனால்தான்.

ஆனால் சென்ற மாதம் வந்த நாவலை, 500 பிரதி அச்சடித்துவிட்டு வட்டிக்கு வாங்கிய பணத்தை எப்படி அடைப்பது என்று தெரியாமல் நிற்கும் சிறு பதிப்பகத்தின் நூலை, முழுவதும் ஸ்கேன் செய்து 20,000 பேர் குழுவில் போடுவதற்கு 'அறிவுப் பகிர்வு' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கும் பொருள் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும் அல்லவா.

இந்த விவாதத்தில் என் தராசு நேராக நிற்காத இடம் ஒன்று உண்டு. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பதை எதிர்த்த ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், ஒரு கல்வி நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கியதற்காக 2011இல் கைதானார். கட்டுரைகளை வைத்திருந்த ஜேஸ்டோர் அமைப்பே அவரோடு சமாதானமாகப் போன பின்பும், பல பத்தாண்டுச் சிறைக்கு இடம் தரும் குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு அடுக்கியது. 2013 ஜனவரி 11 அன்று, 26 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த மாதமே அனானிமஸ் அமெரிக்கத் தண்டனை ஆணையத்தின் தளத்தைக் கைப்பற்றித் தன் வாசகத்தை எழுதியது. அதைச் சரியென்று நான் எழுத மாட்டேன். தவறென்று எழுதவும் அன்று என் பேனா ஓடவில்லை.

பிரிட்டனில் திருட்டுப்பிரதி வழக்குகள் நடத்திய ஒரு வக்கீல் அலுவலகத்தை அனானிமஸ் தோலுரித்ததாகப் படித்தேன். அதுவாவது நல்ல காரியம்தானே? (பெரம்பூர்)

2010 செப்டம்பரில் ஏசிஎஸ்:லா என்ற அலுவலகத்தைத் தாக்கியது அது. படம் இறக்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு, பணம் கட்டு, இல்லையேல் வழக்கு என்று ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பிவந்த அலுவலகம். தாக்குதலுக்குப் பிறகு தளத்தை எழுப்பிய அவசரத்தில் அவர்களே மின்னஞ்சல் கோப்பை வெளியே திறந்து வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்ததில் அந்த வக்கீலின் பேராசை தெரிந்தது, உண்மை. கூடவே, ஆபாசப் படம் பகிர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களின் பெயரும் விலாசமும் ஊரறிய வெளிவந்தன. எவரைக் காக்கக் கிளம்பினார்களோ அவர்களே அம்பலத்தில் நின்றார்கள். வக்கீலுக்குக் கிடைத்த அபராதம் 1,000 பவுண்டு.

நீங்கள் திருட்டுப் படமே பார்த்ததில்லையா? (இவரும் தண்டையார்பேட்டை, முகவரி எழுதவில்லை)

பார்த்திருக்கிறேன். விசிடி காலத்தில், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, உறவுக்காரப் பையன் பாரிமுனையிலிருந்து ஒரு தகடு வாங்கி வந்தான். தியேட்டரில் வைத்து எடுத்த பிரதி. இடைவேளை நெருங்கும்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரையின் குறுக்கே நடந்து போனார். கதாநாயகன் பேசிய வசனம் காதில் விழவில்லை. அந்தக் குழந்தை அழுதது மட்டும் தெளிவாகக் கேட்டது. உங்கள் பேட்டையில் இருந்த அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டபோது அந்தத் தகடு எனக்கு நினைவுக்கு வந்தது. மூடியதற்குத் திருட்டு வீடியோதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிலத்தின் விலை, கொரோனா, வீட்டுக்குள் வந்துவிட்ட ஓடிடி என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். தகட்டின் விலை 40 ரூபாய். பையன் மீதியைத் திருப்பித் தரவில்லை.